சோதனைக்குப் போட்ட அர்ச்சனை

ஐயரின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்த விடியற்காலையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. கொக்குவிலில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஓர் அம்மன் கோயில். முன்மண்டபத்தின் மூலையில் சப்பாணி கட்டி இருந்து, கடதாசி சிக்கிப்போன பிறின்ரரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அது சரிவந்ததும் கிர்ரென்று ஒரு துண்டை வெளியே தள்ளியது. ஐயர் வந்து குனிந்து அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், மந்திரங்களுக்கு நடுவே, கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி, கௌசல்யா என்று தெளிவாகக் கேட்டது. என் கையில் இருந்த ஆணி கீழே விழுந்து எங்கேயோ உருண்டு போனது. நான் அறிந்தவரையில் அப்படி ஒரு பெண் உலகத்திலேயே இல்லை. என் வீட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி நான்தான் அவளை உண்டாக்கியிருந்தேன்.

இதை விளங்கப்படுத்த என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பில் சில வருடங்கள் மென்பொருள் எழுதிவிட்டு, ஊரோடு வந்து வீட்டின் ஓர் அறையில் இருந்தபடி சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்த காலம் அது. கோயில் சபையார் கேட்டார்கள் என்று ஒரு செயலி செய்து கொடுத்தேன். கனடாவிலும் சுவிசிலும் லண்டனிலும் இருக்கிற நம்மூர்ச் சனம் தங்கள் போனில் பெயரையும் நட்சத்திரத்தையும் வேண்டுதலையும் பதிந்தால், கோயிலில் இருக்கும் பிறின்ரரில் அது துண்டாக வந்து விழும். ஐயர் அதைப் பார்த்து அர்ச்சனை செய்வார். தொடங்கிய நாள் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். பிறகுதான் சனி பிடித்தது. செயலி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும். கனடாவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் அர்ச்சனை இல்லாமலே போய்விடும். அங்கிருந்து சபைத் தலைவருக்கு அழைப்பு வரும், தலைவர் என்னை அழைத்து, உம்மடை சாமான் திரும்பவும் படுத்திட்டுது என்பார்.

அதனால்தான் தூரத்திலிருந்தே அதைக் கண்காணிக்க ஒரு வழி செய்தேன். கோயில் கணினிக்குள் செயலி ஓடுகிறதா, நினைவகத்தை எவ்வளவு விழுங்குகிறது, எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது என்பதெல்லாம் என் போனுக்கு வந்துகொண்டிருக்கும். எல்லாம் சரியென்றால் ஒரு பச்சைப் பொட்டு, பிழையென்றால் சிவப்பு. நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி என்று தலைவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். ஒருநாள் பொழுதெல்லாம் பச்சைப் பொட்டு அழகாக எரிந்தது, கோயிலில் ஒரு துண்டுகூட விழவில்லை. செயலி நல்ல சுகமாகத்தான் இருந்திருக்கிறது, பிறின்ரருக்குப் போகிற தொடர்புதான் அறுந்திருக்கிறது. உந்தப் பச்சைப் பொட்டை நெத்தியிலையோ வைக்கிறது என்று தலைவர் கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல், செயலியைப் பாவிக்கிற ஒருவன் செய்வதையே ஒரு தடவை செய்து பார்ப்பது. தினமும் விடியற்காலையில், யாரோ ஒருவர் பதிந்ததுபோல ஒரு பொய்ப் பதிவைக் கணினியே அனுப்பும். அது கடதாசியில் அச்சாகி விழுந்துவிட்டது என்று பிறின்ரர் பதில் சொன்னால்தான் பச்சை. அந்தப் பொய்ப் பதிவுக்கு ஒரு பெயர் வேண்டும். பிறின்ரருக்குக் கரைச்சல் கொடுக்கிற எழுத்து இருந்தால் நல்லது, வேண்டுதலும் நீளமாக இருந்தால் வரி மடிந்து வருகிறதா என்று பார்க்கலாம். மூளையைக் கேட்காமல் கைக்கு வந்ததை அடித்தேன். கௌசல்யா, கேட்டை, விருச்சிகம், அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிய. விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் வெறுமையாக விட்டேன். பிறின்ரர் அப்போது கோயில் கந்தோரில் இருந்தது, அங்கே கணக்கெழுதிய எழுதுவினைஞரிடம், விடிய வருகிற முதல் துண்டைக் கிழித்துக் குப்பையில் போடச் சொன்னேன். அவரும் அப்படியே செய்துவந்தார்.

அதற்குப் பிறகு நான் காட்டிய எடுப்பு கொஞ்சமில்லை. கட்டிலில் படுத்தபடியே கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லுவேன் என்று சிநேகிதர்களுக்குப் பீற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றபடி போனை எடுத்துப் பச்சைப் பொட்டைக் காட்டியிருக்கிறேன். அந்த இடைவெளியில் எழுதுவினைஞர் விசா கிடைத்துக் கனடாவுக்குப் போய்விட்டார். ஐயர் ஒவ்வொரு துண்டுக்கும் கந்தோர் வரை நடக்கவேண்டியிருக்கிறதே என்று பிறின்ரரைத் தூக்கி முன்மண்டபத்தில் வைத்துவிட்டார்கள். முதல் துண்டைப் பற்றி ஐயருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான், எனக்கு இந்த மாற்றமே தெரியாது. என் போனில் தினமும் பச்சை எரிந்தது. கடதாசி சிக்கிச் சிவப்பு வந்த அந்த ஒரு நாள்தான் எழும்பிக் கோயிலுக்குப் போனேன்.

பூசை முடிந்ததும் ஐயரிடம் போனேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஹெல்மெற்றுக்குள் குடுமியைத் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவர், பூசைக்கும் பூசைக்கும் நடுவே போனில் கிரிக்கெற் பார்க்கிறவர். அந்தத் துண்டைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மாறியது.

"உது நாள் தவறாமல் வாற துண்டு. ஆரோ வெளிநாட்டுப் பிள்ளை, பாவம். ஒப்பிறேசன் எப்ப எண்டு தெரியேல்லை. அதாலை நான் ஒரு நாளும் விடாமல் செய்யிறன்" என்றார்.

நான் விழுங்கி விழுங்கி விசயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். இத்தனை நாளும் ஒரு பிறின்ரருக்கா அர்ச்சனை செய்தேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்து சிரிக்க ஆயத்தமானேன். அப்போது அவர் பார்வை என்னைத் தாண்டி வசந்தமண்டபத்துப் பக்கம் போனது, சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை. ஒரு பேரைக் கூடுதலாச் சொன்னதுக்கு அம்மன் கோவிக்க மாட்டா. ஆனால் அந்த அம்மா அது தன்ரை மகளெண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. நீர்தான் சொல்லவேணும், தம்பி" என்றார் ஐயர்.

திரும்பிப் பார்த்தேன். மாமி. சொந்தம் ஒன்றும் இல்லை, என் அம்மாவின் சிநேகிதி, கோயிலுக்குப் பின்னால் போகிற சின்ன ஒழுங்கையில் வீடு. ஊரில் எல்லாரையும் மாமி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள், ஆனாலும் மாமி என்றவுடன் எனக்கு நினைவு வருகிறவர் இவர்தான். இவருடைய மகள் கௌசி என்னோடு ரியூஷனில் படித்தவள். கௌசி என்றுதான் ஊரே கூப்பிடும். அவளுடைய முழுப்பெயரை நான் கேட்ட ஒரே இடம் இந்தக் கோயில். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு வருவேன். எங்களுக்கு முன்னால் மாமி நிற்பார். அப்போதிருந்த ஐயருக்குக் காது மந்தம் என்பதால், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி, கௌசல்யா என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லுவார். அர்ச்சனை என்றால் அந்த மூன்று சொல்லும்தான் என்று என் தலைக்குள் ஏறிக் குந்திவிட்டது போலிருக்கிறது. கட்டிலில் இருந்து நான் கற்பனை செய்ததாக எண்ணியது, இந்த மாமியின் வாயிலிருந்து இதே இடத்தில் விழுந்ததுதான். அதையே எடுத்து, ஒப்பிறேசன் என்று ஒரு வாலும் கட்டி, ஒவ்வொரு விடியற்காலையும் அவர் காதிலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாமியிடம் நான் போகவில்லை. வீட்டுக்கு ஓடி வந்து கணினிக்கு முன்னால் இருந்தேன். என் புத்தி தொழில்காரனின் புத்தி, பிழையைச் சத்தமில்லாமல் சரிக்கட்டத்தான் போனது. அதே பெயரில் கடைசியாக ஒரு துண்டு அனுப்பினால் என்ன, அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது, அம்மனுக்கு நன்றி என்று போட்டால் எல்லாரும் சந்தோசப்படுவார்களே என்று தோன்றியது. அதை எழுதியும் விட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். பிறகு அந்த நனைந்த கன்னம் நினைவுக்கு வந்தது. அம்மன் சந்நிதியில் வைத்து நான் இரண்டாவது தடவையாகவும் அந்த மனுசிக்குப் பொய் சொல்லப் பார்க்கிறேன் என்பது உறைத்தது. எழுதியதை அழித்தேன். விடியற்காலைப் பொய்ப் பதிவையும் நிறுத்தினேன். அந்தச் சோதனை இப்போதும் நடக்கிறது, ஆனால் கடதாசிவரை போகாது, மனிதப் பெயரும் அதில் கிடையாது. அன்றைக்கே அப்படிச் செய்திருக்கலாம், பெரிய வேலையும் இல்லை. செய்யத் தோன்றவில்லை என்பதை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் பின்னேரம் மாமி வீட்டுக்குப் போனேன். மதிலும் கேற்றும் புதிதாகக் கட்டியிருந்தார்கள், உள்ளே அதே முற்றம், அதே செம்பரத்தை. என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார். காலையில் துண்டு வரவில்லை என்று ஐயர் சொன்னாராம், அதனால் ஒப்பிறேசன் நடந்துகொண்டிருக்கவேண்டும் என்று நினைத்து அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லையாம். நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடங்கிவிட்டார். செயலியைச் செய்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். அர்ச்சனை போட்டவர் எந்த ஆஸ்பத்திரி, எந்த இடம் என்று என் கணினியில் பார்த்துச் சொல்ல முடியாதா என்று கேட்டார். கந்தோரில் விசாரித்தபோது விலாசமும் இல்லை, இலக்கமும் இல்லை என்றார்களாம். தன் மகள்தான் ஒளித்துச் செய்கிறாள் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

அந்தத் துண்டு வரத் தொடங்குமுன் அவரும் மகளும் கதைப்பதை விட்டுக் கனகாலம் ஆகியிருந்தது. அதன் கதையை அன்றுதான் கேட்டேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில், ரியூஷனுக்கென்று போன கௌசியை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஒரு பொடியனோடு கண்டதாகச் சொந்தத்துக்குள் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று கௌசி அழுதழுது சொன்னாளாம். மாமி நம்பவில்லை. ரியூஷன் நின்றது, பரீட்சை நின்றது, அவசர அவசரமாகச் சுவிசில் மாப்பிள்ளை பார்த்து அனுப்பியாகிவிட்டது. போன பிறகு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று என்று அழைப்புக் குறைந்து, தகப்பனின் செத்தவீட்டோடு அதுவும் நின்றுபோனது. அவள் ஏன் ரியூஷனுக்கு வராமல் விட்டாள் என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கக்கூட இல்லை. பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது என்றார்கள், நல்லது என்று விட்டுவிட்டோம்.

கோயிலில் அந்தப் பெயரைக் கேட்டு, வேண்டுதல் என்னவென்று ஐயரிடம் விசாரித்து அறிந்த நாளே மாமி போனை எடுத்திருக்கிறார். இலக்கத்தை இத்தனை காலமும் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். என்ன வருத்தம், எப்ப ஒப்பிறேசன் என்று கேட்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று கௌசி சொன்னாளாம். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இவர் எடுப்பதும், கேட்பதும், அவள் இல்லை என்பதும், இவர் அழுவதுமாகப் போயிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மகளுக்காக ஒருநேரச் சாப்பாடு. இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இருந்தது, அதற்குள் ஒரு வெளிச்சமும் இருந்தது. அந்த வெளிச்சத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"என்னோடை கோவமெண்டாலும் என்ரை அம்மனை அவள் மறக்கேல்லைத் தம்பி. வாய் இல்லையெண்டு சொன்னாலும் மனம் இஞ்சைதான் வந்து நிக்குது" என்றார்.

அதைத்தான் நான் உடைக்கவேண்டியிருந்தது. மகளுக்கு நோய் இல்லை என்ற நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, மகள் கோயிலை நினைக்கவும் இல்லை என்ற செய்தியை மறைக்க வழியில்லை. இரண்டும் ஒரே வாக்கியம். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். சோதனை, பிறின்ரர், பொய்ப் பதிவு, அந்தப் பெயர் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதுவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவர் எழும்பிப் போய், தேவையே இல்லாமல், யன்னல் கதவு ஒன்றைச் சாத்தித் திரும்பத் திறந்தார்.

"அப்ப அவளுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை."

"இல்லை மாமி."

"அர்ச்சனையும் அவள் போடேல்லை."

"இல்லை."

மாமி மேசையில் இருந்த போனை என் பக்கம் தள்ளி, எடுத்து நீரே அவளுக்குச் சொல்லும் என்றார். அங்கே வேலை நேரம். கௌசி எடுத்தபோது பின்னால் ஆட்கள் நடமாடும் சத்தம் கேட்டது. மாமிக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். நான் யாரென்று சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது, குரலில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. விசயத்தைச் சொல்லி முடித்தேன்.

"அம்மா விடாமல் கேட்டதிலை எனக்கே பயம் வந்திட்டுது" என்றாள். "அம்மாவுக்கு ஏதோ தெரிஞ்சுதான் கேக்கிறா எண்டு நினைச்சு, நான் போய் டொக்ரரிட்டை உடம்பு முழுக்கச் செக் பண்ணினனான். ஒண்டும் இல்லையெண்டு சொன்னவை. அதை அம்மாவுக்கும் சொன்னனான். அதுக்குப் பிறகும் அம்மா நம்பேல்லை."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் பச்சைப் பொட்டுக்காக, நல்ல சுகத்தோடு இருந்த ஒருத்தி பயந்து பயந்து வைத்தியரிடம் போய் நின்றிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாமி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியை நிறுத்துவது எப்படியென்று அவருக்குத் தெரியாது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார், கௌசியின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது.

"பிள்ளை" என்றார். "அண்டைக்கு ஊர் சொன்னதைக் கேட்டன். இப்ப கொம்பியூட்டர் சொன்னதைக் கேட்டன். நீ சொன்னதை அண்டைக்கும் கேக்கேல்லை, இப்பவும் கேக்கேல்லை."

பதில் வருமுன் நான் எட்டி, போனை அவர் காதிலிருந்து சற்று விலக்கி, திரையில் விரலை வைத்து, ஒலிபெருக்கியை நிறுத்தினேன். அதற்குப் பிறகு கௌசி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்த முற்றத்தில் நின்றபோது வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை. கோயில் செயலி இப்போது நன்றாக ஓடுகிறது, அதைப் பார்த்து வேறு சிலரும் தங்கள் வேலைகளை என்னிடம் தந்திருக்கிறார்கள், வீட்டில் இருந்துகொண்டே எல்லாம் உமக்குத் தெரியுமாமே என்று கேட்கிறார்கள். ஓம் என்று சொல்ல வாய் வருவதில்லை. ஓர் ஒழுங்கைக்கு அப்பால் ஒரு மனுசி சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு தாய் மகளிடம் மட்டும் சொல்லவேண்டியதை, மூன்றாவது ஆளாக இருந்து கேட்டதும் நான்தான்.

கேற்றடியில் செருப்பைக் கொழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மாமியின் குரல் தாழ்ந்தும் நின்றும் திரும்பத் தொடங்கியும் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. பிறகு அவர் யன்னலடிக்கு வந்து, போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கேற்றைச் சாத்திப்போட்டுப் போம், தம்பி. நாங்கள் இன்னும் கதைச்சு முடியேல்லை."